நெயில் பாலிஷ் அடையாளம்

அப்கிரேடு முடிந்து வந்த கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த சுப்புலக்ஷ்மிக்குப் பகீரென்றது.

உள்ளே இரண்டு ராம் இருந்தன. ஒன்றில் அவள் சிவப்பு நெயில் பாலிஷால் எழுதிய 'சு' அப்படியே இருந்தது. மற்றதில் இல்லை.

டம்ளரிலிருந்து இட்லிக் கொப்பரை வரைக்கும் பேர் வெட்டி வைக்கிற குடும்பம் அவளுடையது. ரிப்பேர் கடைக்காரர்கள் நல்ல பாகத்தை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு. அதனால் அப்கிரேடுக்கு அனுப்பும் முன், கணவர் வேதாந்தம் குளிக்கப் போன நேரம் பார்த்து, பழைய ராமிலும், யாரோ தெரிந்தவர் கொடுத்ததாக அவர் கொண்டுவந்த இன்னொரு ராமிலும் தன் முதலெழுத்தைப் போட்டுவிட்டாள். ராம் என்றால் விரல் நீளப் பச்சைப் பட்டை, கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவள் மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுக்கிறாள். விண்டோஸ் 95 போட்டதிலிருந்து அது கண் விழிப்பதற்குள் ஃபில்டரில் டிகாக்‌ஷனே இறங்கிவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் வேதாந்தம் குதிப்பார் என்று நினைத்தாள். அடையாறில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கே அவர்தான் பொறுப்பு. ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்காகத் தண்ணித்துறை மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போய் மல்லுக்கு நின்ற மனுஷன்.

"அது சேரலையாம். வேற போட்டிருக்கான். விட்டுடேன்" என்றார்.

"அப்போ நம்மளது எங்கேன்னு கேக்க வேண்டாமா, ஏன்னா?"

பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். சுப்புலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. வாயில்லாப் பூச்சி ஆகிவிட்டாரா இவர்? தன் வீட்டு மனுஷனை ஒருத்தன் ஏமாற்றுவதா என்று வயிறு எரிந்தது.

மறுநாள் பஸ் ஏறி தி.நகர் போனாள். அப்கிரேடு செய்தது வேதாந்தத்துக்குப் பழக்கமான கடைதான். கடைக்காரன் யாசிர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். ராமை மாற்றினாயா என்று நேராகவே கேட்டாள். ஆமாம், சேரவில்லை என்றான். சேராவிட்டால் எங்கள் பொருளைத் திருப்பிக் கொடு என்றாள். தன்னிடம் இல்லை என்றான்.

அவள் குரல் ஏறியது. இதற்குப் பேர் திருட்டு என்றாள். கடையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர், கொடுக்கக் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கை மறுபடி பையில் போட்டுக்கொண்டு மெல்ல நழுவினார். யாசிர் அதைப் பார்த்தான். குனிந்து ஸ்க்ரூவைத் திருகினான்.

இதென்ன கூத்து? திருடனாக இருந்தால் கத்துவான். யோக்கியனாக இருந்தால் அதைவிடக் கத்துவான். பையிலிருந்து பில்லை எடுத்துப் பார்த்தாள். மாட்டிக் கொடுத்த புது ராமுக்கு அவன் விலையே போடவில்லை. பழசைத் திருடுகிறவன் புதுசை எதற்குச் சும்மா கொடுக்கிறான்? தலை சுற்றியது. அதற்காக விடுவதா?

"போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. போகட்டுமா?"

"வேணாம் மேடம், உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். மிச்சமிருந்த ஒருவரும் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினான்.

"நான் விக்கிற ராம் எல்லாத்துலயும் வாரண்டிக்காகத் தேதி போட்டு சைன் பண்ணி வெச்சிருப்பேன். சார் குடுத்ததுல ஒரு பக்கம் உங்க எழுத்து. திருப்பிப் பார்த்தா என் சைன். போன ஜூன்ல சாரோட காலேஜ் லேபுக்கு நான் சப்ளை பண்ணினது மேடம் அது."

சுப்புலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் கூசியது. பில்லை மடித்துப் பையில் வைத்தாள்.

"இப்போ அது எங்கே?" என்றாள், கடைசியில்.

"லேப்லதான். நேத்து சர்வீஸுக்குன்னு போய் உங்க எழுத்தைத் துடைச்சிட்டு, இருந்த எடத்துலயே மாட்டிட்டேன். ரிஜிஸ்டர்ல 'லூஸ் கனெக்‌ஷன், சரி செய்யப்பட்டது'ன்னு எழுதிட்டேன். அங்க சாரை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களும் கேக்காதீங்க மேடம்."