கழித்தது போக

தொலைநோக்கியின் லென்ஸில் பனி படியாமல் காக்கும் சூட்டுப்பட்டை கருகிப்போனது. அதனால் ஸ்டெல்லா மொட்டைமாடியில் ஓரையன் நெபுலா என்ற விண்மேகத்தைப் படமெடுத்த நேரமெல்லாம், அவள் கணவன் தேவசகாயம் ஹேர் டிரையரை லென்ஸுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். முணுமுணுப்பு ஓயவில்லை, கையும் ஓயவில்லை.

கடைசியில் அவள் லென்ஸை மூடிவிட்டு மறுபடியும் கேமரா பட்டனை அழுத்தினாள்.

"மூடியைப் போட்டுட்டு எதை எடுக்குற?"

"கேமராவோட குறையை. இருட்டுலயும் அது இல்லாத புள்ளியெல்லாம் காட்டும். அதைக் கழிச்சாதான் வானம் மட்டும் மிஞ்சும்."

அவன் கொட்டாவி விட்டான். "அப்படியே என்னையும் ஒண்ணு எடுத்து வச்சுக்க. கழிக்க உதவும்."

மறுநாள் கணினியில் குறைகளைக் கழித்தாள். ஊதிவிட்ட கங்குபோல நெபுலா சிவந்து எழுந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும் நட்சத்திரங்கள் அத்தனையும் ஒரே பக்கமாகத் துள்ளியிருந்தன. இரவு அவன் தும்மியபோது ஸ்டாண்டில் இடித்துக்கொண்டதன் விளைவு. கெட்டுப்போன படம். நீக்கவா என்று கணினி கேட்டது.

அடுத்த அறையில் அவன் இன்னமும் தும்மிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, சுக்குக் காப்பி போட எழுந்தாள்.