விகாரையின் எல்லை

"இந்த மலையில எண்ணூறு வருசத்துப் பழைய விகாரை இருந்திருக்கு. யாரும் அஸ்திவாரம் தோண்டக் கூடாது" என்று சொல்லித்தான், லோகேஸ்வரி தொழிலாளர் லயத்து வீட்டோரம் கட்டிய அறையைத் தேயிலைத் தோட்டத்துத் துரை இடித்துத் தள்ளினார்.

"பங்களா பக்கத்துல நீங்க ஹோட்டல் கட்டுறீங்களே, துரை?"

"விகாரை எல்லை உங்க லயத்தோட முடிஞ்சிருச்சு."

மறுமாதம் ஹோட்டல் அஸ்திவாரக் குழியில் எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடைத்தது. ஜீப்பில் வந்த தொல்பொருள் அதிகாரி வேலையை நிறுத்தினார். துரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி கல்லின் மறுபக்கத்தைப் பக்தியோடு தடவினார். "எப்படித் தேஞ்சிருக்கு! எத்தனை பிக்குமார் உக்காந்து தியானம் பண்ணினாங்களோ!"

கூட்டத்தில் நின்ற லோகேஸ்வரி கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு நடந்தாள். அங்கே பக்கத்து வீட்டுச் சுகந்தினி அழுக்குத் துணியோடு நின்றாள்.

"அடியில எழுத்து வெட்டியிருக்குமே, அந்தத் துவைக்கிற கல்லக் காணமே, அக்கா!"

"நானும் வீட்டுக்காரரும் அதத் தூக்கிட்டுப் போய், விகாரை எல்லையப் பங்களா வரைக்கும் தள்ளி வச்சிட்டோம்."