அட்டையில் இல்லாதது

"அட்டையில இருக்கிறதை நானே வாசிப்பேன். கிளாஸ்ல என்ன இருக்குன்னு சொல்லு."

கணேசமூர்த்தி என்ற பெயரில் மேசை பிடித்திருந்த பெரியவர் அப்படிக் கேட்டதும் சுதர்ஷினி கையிலிருந்த வைன் அட்டையை மூடினாள்.

இலங்கை மலைநாட்டுத் திம்புள்ளையில், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அவள் அங்கே பரிமாற வந்து நாளையோடு மூன்று மாதம். போன வாரம்தான் குளிர வைக்கக் கூடாத சிவப்பு வைனை ஐஸ் வாளியில் வைத்துக் கொண்டுபோய் ஒரு கம்ப்ளெயிண்ட் வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேனேஜர் நிரஞ்சன் சொல்லி வைத்திருந்தார். அவளுடைய ஏழு மாதக் குழந்தை, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவளை விட்டால் ஆளில்லை.

பெரியவர் பகல் சாப்பாட்டுக்குத் தனியாக வந்தவர். இருப்பதிலேயே உயர்ந்த சிவப்பு வைனைக் கேட்டார். ஆர்ஜென்டினா போத்தல். மால்பெக் திராட்சையோடு கொஞ்சம் மெர்லோவும் கபர்னேயும் சேர்த்தது. கான்வென்டில் பாடம் ஒப்பித்த அதே குரலில் பிளம்ஸ், வயலட் பூ, சாக்லேட், ஓக் மரம் என்று அவள் அடுக்க, அவர் பாதியிலேயே வெட்டிவிட்டார்.

இன்னொரு கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். குடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"மன்னிக்கணும் சேர். பால் குடிக்கிற புள்ள இருக்கு."

அவர் வற்புறுத்தவில்லை.

"சரி. மோந்து பார்த்துச் சொல்லு."

மோந்தாள். "பிளம்ஸ்தான் சேர்."

"எப்படிப்பட்ட பிளம்ஸ்?"

"நுவரெலியா ரோட்டுல கூடையில விக்கிறாங்களே, அது இல்லங்க. பறிக்காம விட்டு, கறுத்து, தோல் வெடிச்சது."

அவர் ஒரு வாய் குடித்தார். "அப்புறம்?"

"பென்சில் சீவின வாசம்."

இன்னொரு வாய். "அப்புறம்?"

பக்கத்து மேசைக் கொழும்புக் குடும்பம் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. தோட்டத்துப் பிள்ளை என்றதும் இப்படிப் போட்டுப் படுத்துகிறாரே என்று அந்த அம்மா காதில் விழும்படியே சொன்னார். தட்டு எடுக்க வந்த சாக்கில், கூடப் பரிமாறும் யோகேஸ்வரன் அவள் காதில் முணுமுணுத்தான். "குடிக்கிறது அவரு. பரீட்சை ஒனக்கா?"

மேனேஜரே வந்துவிட்டார். புதுப் பிள்ளை, இன்னும் பழகவில்லை, வேறு ஆளை அனுப்புகிறேன் என்று குழைந்தார்.

"வேற ஆள் வேணாம். இவங்களே சொல்லட்டும்."

சுதர்ஷினி கிளாஸைத் திரும்பக் கையில் எடுத்தாள். துவர்ப்பு பற்றி அட்டையில் ஏதோ இருந்ததே என்று யோசித்து அதைத் தொடங்கினாள்.

"துவர்ப்பு நாக்கைப் பிடிக்குது. அது எனக்கே தெரியுது. நீ வாசத்தைச் சொல்லு."

போனால் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கை கிளாஸுக்குள் விட்டாள்.

"மேல மிளகு இருக்குங்க, லேசா. நடுவுல கசப்புச் சாக்லேட். அடியில ஒன்னு இருக்கு, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தேயிலை ஃபெக்டரியில கொழுந்து வாட்டுற மாடிக்கு விடிய ஏறினா ஒரு வாசம் வரும்ல சேர்? பச்சையும் இல்லாம, காஞ்சும் போகாம, பூ மாதிரி. அது. கூடவே கொஞ்சம் புகை."

சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தாள். பெரியவர் கிளாஸை வாயருகில் பிடித்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

போன வாரக் கம்ப்ளெயிண்ட் எழுதப்பட்ட அதே விருந்தினர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அவள் சமையலறைக்குள் போய்ச் சுவரோடு நின்றுகொண்டாள். அடுத்த மாதம் எங்கே போய் நிற்பது என்று கணக்குப் போட்டாள். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. மேனேஜர் புத்தகத்தோடு உள்ளே வந்தார். அவர் திட்டவில்லை. பக்கத்தைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார்.

இங்கிலீஷில் மூன்று வரி:

"நாற்பது வருஷம் தேயிலை ருசி பார்ப்பதே என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு மணமும் ருசியும் என்னை விட்டுப் போய்விட்டன. இன்றைக்கு இந்தப் பிள்ளையின் மூக்கால் ஒரு கிளாஸ் குடித்தேன்."