சமையல் மேடையின் உயரம்

புதுச் சமையல் மேடையில் பால் காய்ச்ச வந்த முனீஸ்வரி, ஒரு ஸ்டூலைத் தேடிக்கொண்டு போனாள்.

மேடை அவள் நெஞ்சை இடித்தது. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பாத்திரம். பால் பொங்குகிறதா என்று பார்க்கக் குதிகாலைத் தூக்கியும் எட்டவில்லை. நாலே முக்கால் அடி மனுஷி, பாவம் என்ன செய்வாள்?

புருசன் வெள்ளைத்துரைக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. உடனே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

“பேயாண்டி, எங்க இருந்தாலும் போட்டது போட்டபடி அவனியாபுரம் வா.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு, மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டு ஆரம்பித்த வேலை. அதுவும் யாருக்காக? பெண்டாட்டிக்காக.

“இருபத்திரண்டு வருசமா அந்த இருட்டு அடுப்படிக்குள்ள கெடந்து வெந்துட்டா. இனியாவது நல்லா இருக்கட்டும்” என்று அவர் ஆபீசில் சொன்னபோது, கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் உருகிப்போனார்கள். அந்த உருக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. அதனால் அதையே மறுநாளும் சொன்னார்.

வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர், செல்போனில் நாற்பது வீடியோ பார்த்துச் சமையலறை நிபுணர் ஆகிவிட்டார். அடுப்பும் சிங்க்கும் ஃபிரிட்ஜும் முக்கோணமாக அமைய வேண்டும் என்று டீக்கடையில் நின்று பாடம் எடுத்தார். இன்றைக்குக் கேட்டால் அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

தூசி அவளுக்கு ஆகாது என்று முனீஸ்வரியை மேலூரில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு மாதம் ஓட்டல் சோறு. வயிறு கெட்டது, அதையும் தியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இடையில் காசு இடித்தபோது, பின்வாசலில் கட்ட நினைத்திருந்த பாத்திரம் விளக்கும் தொட்டியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுச் சிம்னியைக் காப்பாற்றினார். வருகிறவர்கள் பார்த்து அசந்துபோக வேண்டாமா?

இரண்டு முறை அவள் போனில் ஏதோ சொல்ல வந்தாள்.

“என்னங்க, மேடைய மட்டும் கொஞ்சம்...”

“நீ வந்து பாரு. உனக்காகத்தான் இம்புட்டும் செஞ்சுக்கிட்டு இருக்கேன்” என்று வைத்துவிட்டார்.

இப்போது அவள் வந்து பார்த்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் பேயாண்டி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். டேப்பைப் பிடித்துப் பார்த்தான். நாற்பது அங்குலம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்று திருப்தியோடு சொன்னான்.

உடைத்து இறக்க முடியுமா என்று வெள்ளைத்துரை கேட்டார். கல்லைப் பெயர்த்தால் உடைந்துவிடும், டைல்ஸும் சேர்ந்து போகும், எப்படியும் முப்பதாயிரம் ஆகும் என்றான். கையில் மிச்சம் இருந்தது நானூறு ரூபாய். அடுத்த மாதச் சம்பளத்திலேயே சொசைட்டிக்காரன் கைவைக்க ஆரம்பித்துவிடுவான்.

முனீஸ்வரி குறுக்கே வந்தாள். “விடுங்க. ஸ்டூல் போட்டு ஏறிச் சமைச்சுக்கிறேன்.”

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த விட்டுக்கொடுத்தல்தான் அவரைக் குத்தியது. இனி ஆயுசுக்கும் இவள் கொதிக்கிற சோற்றுப்பானையை ஸ்டூல்மேல் நின்று இறக்கப்போகிறாள். நினைக்கவே பயமாக இருந்தது. குத்தினதையும் பயந்ததையும் சேர்த்துக் கொத்தனார்மேல் கொட்டினார்.

“நீயெல்லாம் ஒரு கொத்தனாரா? சமைக்கிறவங்க ஒசரத்தப் பாத்து மேடை கட்டணும்னு தெரியாதா ஒனக்கு? எம்புட்டு ஆசையா அவளுக்காக இதச் செஞ்சேன். அம்புட்டையும் கெடுத்துட்டியே.”

பேயாண்டி முனீஸ்வரியை ஒரு தரம் பார்த்தான். ஆறடி வெள்ளைத்துரையை ஒரு தரம் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் என்னவோ விளங்கியது.

“ஒசரத்தப் பாத்துத்தாண்ணே கட்டினேன். அடுப்பு எங்க, சிங்க் எங்க, உப்பு டப்பா எங்கன்னு ஒரு மாசமா எல்லாத்தையும் நீங்கதான் சொன்னீங்க. மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்னு ஒருநாளும் சொல்லல. அதான் இந்த வீட்டுல சமைக்கிறது நீங்கதான்னு நெனச்சு, உங்க இடுப்புக்குச் சரியா வச்சேன்.”

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

“எங்க வீட்டுக்காரிகூட, உங்களச் சொல்லிக்காட்டித்தாண்ணே தினமும் என்னைய ஏசுறா.”