இருதயராஜ் எழுதிய ஒழுங்கு

அடுப்பை ஊதிவிட்டுச் சவுரியம்மாள் திரும்பிப் பார்த்தபோது, அவள் புருசன் இருதயராஜ் தரையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி ஐந்து வருசத்தில் அவன் எழுதி அவள் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருசத்தின் முதல் நாள். வெள்ளிக்கிழமையானதால், முஸ்லிம் முதலாளிகளின் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்புகள் மூடியிருந்தன; இருதயராஜுக்கு அங்கேதான் வேலை. காலைப் பூசையில் சாமியார் சொல்லியிருந்தார்: உப்புப் போடாத தோல் மூன்றாம் நாள் நாறிவிடும், ஒழுங்கில்லாத வாழ்க்கையும் அப்படித்தான், இந்த வருசம் எப்படி வாழப்போகிறோம் என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்.

கோயிலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. இருதயராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன்.

தோல் கட்டின்மேல் ஒட்டும் சீட்டு ஒன்றின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தான்.

"இன்னா எழுதினே? படி, கேக்கலாம்" என்றாள். சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் படித்தான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

விடியுமுன் எழுந்து, பாலாற்றில் குளித்து, அப்படியே வேலைக்குப் போவது.

"நல்லதுதான்."

தனக்கென்று ஒரு தட்டு, ஒரு சொம்பு. தானே கழுவி, தனியாக வைப்பது.

"தொரை ஆயிட்டியா நீ?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஜெபம். பிறகு வெளித் தாழ்வாரத்தில் தனிப்பாயில் படுப்பது.

சவுரியம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இது சாமியார் சொன்னதா, நீயா எழுதினதா?"

"மனசு ஒரு நெலைல நிக்கணும் இல்ல?" என்றான், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் லூர்துவைத் தூக்குவதில்லை. அவளுக்கு மூன்று வயதாகிவிட்டது. தினம் அரை மணி எதிரே உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. அவ்வளவு போதும்.

லூர்து வாசலில் மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் பெருநாளன்று, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து கையை நீட்டியபோதுகூட அவன் அவளைத் தூக்கவில்லை. சவுரியம்மாள் ஏன் என்று கேட்கவில்லை.

அவன் அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கடைசி வரிசை.

அப்போதுதான் கருகும் வாசனை வந்தது.

கறி அடிப்பிடித்துவிட்டதோ என்று சட்டியைக் கிளறிப் பார்த்தாள். குழம்பு தளதளவென்றுதான் இருந்தது.

அடுப்பிலிருந்து உருண்ட கங்கு ஒன்று, தரையில் ஊன்றியிருந்த அவன் இடது கையை ஒட்டிக் கிடந்தது. சுண்டுவிரலோரம் தோல் சுருங்கிப் புகைந்துகொண்டிருந்தது.

அவன் படித்துக்கொண்டேயிருந்தான்.

அவள் விறகால் கங்கைத் தள்ளிவிட்டு, அவன் கைமேல் தண்ணீரை ஊற்றினாள். இருதயராஜ் படிப்பதை நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தான். அடுத்த வீட்டுக்காரன் விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

"ஐப்பசிலேர்ந்து. வேலை செய்றப்போ கத்தி பட்டு ரத்தம் வந்துது, எனக்குத் தெரியவே இல்ல. மேஸ்திரி ஷபீ அஹமதுதான் காட்டினாரு. வேலூர் போனேன். டாக்டரம்மா ஊசியால குத்திப் பாத்தாங்க." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். "பெருவியாதியாம். குஷ்டம்."

அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"உனக்கும் கொழந்தைக்கும் ஒட்டிக்கக் கூடாது சவுரி. இந்த ஒழுங்கெல்லாம் அதுக்குத்தான்."

சட்டியை இறக்கி வைத்தாள். மூடியைத் தேடி எடுத்து மூடினாள். அழுகை வரவில்லை. வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது" என்று அவன் கடைசி வரியைப் படித்தான். கை வேலைக்கு உதவாமல் போகிற நாளில், காட்பாடிப் பக்கம் வியாதிக்காரர்களை வைத்துக்கொள்ளும் இடத்துக்குத் தானாகப் போய்விடுவது. குழந்தையைத் தாய் வளர்ப்பாள்.

"அவ உங்கிட்ட இருக்கிறா. அது ஒண்ணு போதும் எனக்கு. மத்ததெல்லாம் தாங்கிக்குவேன்" என்றான்.

சவுரியம்மாள் வாசலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி, ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டாள்.

முழங்கைக்கு மேலே எட்டணாக் காசு அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது.

விறகுக் கட்டிலிருந்து ஒரு வேலமுள்ளை ஒடித்து அவனிடம் கொடுத்தாள்.

"குத்து" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் முள்ளை அந்த இடத்தில் வைத்தான். மெதுவாக அழுத்தினான். இன்னும் கொஞ்சம் அழுத்தினான். ஒரு துளி ரத்தம் எழும்பி, கையோடு இறங்கியது.

அவள் காத்திருந்தாள்.

"குத்திட்டியா?" என்று கேட்டாள்.

அவன் முள்ளைக் கீழே போட்டான். அவள் திரும்பி, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள்.

"எனக்கு சித்திரைலேர்ந்து" என்றாள்.

வாசலில் லூர்து, தூக்கச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.