ஏழாவது தட்டு

போலந்துக்குப் போன பிறகு இளம்பரிதிக்கு அது முதல் கிறிஸ்துமஸ். கடைகளெல்லாம் அடைத்துவிட்ட முந்தின நாள் சாயங்காலம், கீழ்வீட்டு ஹலீனா அம்மாள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வீட்டில் ஆறு பேர். மேஜையில் ஏழு தட்டுகள். "எதிர்பாராம யாராவது வந்தா அவங்களுக்குன்னு ஒண்ணு வைக்கிறது எங்க வழக்கம். நீ அந்த இடத்துல உக்காரு" என்றாள், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

உட்கார்ந்தானே தவிர, பீட்ரூட் சூப்பு நிம்மதியாக இறங்கவில்லை. மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் கரண்டி அப்படியே நின்றது. நிஜமாகவே ஒருவர் வந்துவிட்டால் எங்கே உட்காருவார்? சட்டென்று எழ வசதியாக நாற்காலியின் நுனியிலேயே இருந்தான்.

மீன் பரிமாறும்போது கதவு தட்டப்பட்டது. தட்டோடு எழுந்துவிட்டான்.

"நான் ரூமுக்குப் போயிடறேன்."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஹலீனா அம்மாள் தன் நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணினாள்.

"தட்டைக் கீழ வை. வாசப்பக்கம் நீதானே இருக்க, போய்த் திற."

தாழ்ப்பாளில் கை வைத்தவனுக்கு, 'வாங்க' என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.