ஊமைப் புருஷன்

“இவர் ஆர்?”

சந்தியாகு தமிழில் கேட்டான். அவனுக்குப் பின்னால் துவக்குகளோடு இரண்டு ஒல்லாந்தச் சிப்பாய்கள்.

“என்ர மனுசன். வாய் பேசமாட்டார்,” என்றாள் அவள்.



அவளுடைய புருஷன் பஸ்தியான், யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டுபட்டுச் செத்துப்போனான். சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவன் இதே சந்தியாகு. அன்று அவனும் போர்த்துக்கேயர் பக்கம். இன்று, வென்ற ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கிறான்.

முற்றத்தில் பஸ்தியானின் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கச் சாமியார். சாமியார்களை ஒளித்து வைப்பவர்களுக்குத் தூக்கு என்று போன கிழமைதான் பறையறைந்திருந்தார்கள்.

அவர் தலை நிமிரவில்லை. வாயைத் திறந்தால் போதும், அந்த உடைந்த தமிழே காட்டிக் கொடுத்துவிடும்.

சந்தியாகு சிப்பாய்களிடம் பேசினான்.

ஒரு வரியில் முடியவேண்டியது. நீண்டுகொண்டே போனது. அவளுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

மூத்த சிப்பாய் சாமியாரின் விரல்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

சிரித்தான்.

இருவரும் படலையைத் தாண்டி வெளியேறினார்கள். சந்தியாகு மட்டும் பின்தங்கினான். குரலைத் தாழ்த்தினான்.

“பிள்ளைக்கு மூண்டு நாளாக் காய்ச்சல். இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லை. பொழுதுபட முன்னம் சாமியை என்ர வீட்டை கூட்டிக்கொண்டு வா, தங்கச்சி.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அவனுக்குப் பிள்ளை பிறந்தது அவளுக்குத் தெரியும். காய்ச்சல் தெரியாது.

பிடித்துக் கொடுக்க நினைத்திருந்தால் இங்கேயே கொடுத்திருக்கலாம். இல்லை, போகிற வழியில் எந்தெந்தப் படலை சாமியாருக்குத் திறக்கிறது என்று பார்க்கத்தான் விட்டு வைத்தானா?

சாமியார் அதற்குள் எண்ணெய்ச் சிமிழை மடியில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நில்லுங்கோ சாமி. முதல்ல நான் போய்ப் பாத்திட்டு வாறன்.”

சந்தியாகு வீட்டு வேலியோரம் போய் நின்றாள். முற்றத்தில் ஆளில்லை. காற்றும் இல்லை. மூச்சை அடக்கிக் காதைக் கொடுத்தாள்.

உள்ளே ஒரு சிசு இருமியது.

மெல்லிய, வறண்ட இருமல். விடாமல் இருமியது.

“மாதாவே, உமக்குத் தோத்திரம்!”

வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எதற்கு நன்றி சொன்னோம் என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

சாமியாரைக் கூட்டிவர, வந்த வழியே ஓடத் தொடங்கினாள்.